தேயிலைத் தோட்டத்துத் தாயும் அரிசிப் பங்கும்

ஹற்றன், நுவரெலியாப் பகுதிகளின் தேயிலைச் சரிவுகளில் நெல் விளைவதில்லை. கோப்பிக் காலந்தொட்டே தொழிலாளர்க்கு வேண்டிய அரிசி கடல் கடந்து வந்தது. தோட்ட நிருவாகம் அதனை அளந்து கொடுத்து, விலையைச் சம்பளத்திற் கழித்துக்கொண்டது. கருவுற்ற பெண் என்ன உண்பாள் என்பதை அவளது அடுப்படியைவிடத் தோட்டத்துப் பேரேடே தீர்மானித்தது எனலாம்.

1912ஆம் ஆண்டின் நோய்கள் (தொழிலாளர்) கட்டளைச் சட்டம், குழந்தை பெற்ற தொழிலாளிப் பெண்ணுக்கு 30 நாட்கள் உணவும் உறைவிடமும் அளிக்கவேண்டும், அந்நாட்களில் வேலை வாங்கலாகாது என விதித்தது. அக்காலத்திற்கு அது சிறிய சலுகையன்று. எனினும் அது பிரசவத்தின் பின்னரே தொடங்கியது. முன்னைய நாட்கள் சிலவற்றையும் கணக்கிற் கொண்டது 1939ஆம் ஆண்டின் மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டமே. சிசுவின் எடையிற் பெரும்பகுதியோ கருப்பத்தின் இறுதி மூன்று மாதங்களிற் கூடுவது. அம்மாதங்களிலும் கொழுந்துக் கூடையுடன் மலையேறிய பெண்கள் பலர். ஹொலந்தில் 1944-45ஆம் ஆண்டுக் குளிர்காலப் பஞ்சத்தில், கருப்பத்தின் இறுதிக் கட்டத்திற் பட்டினி கிடந்த தாய்மார் எடை குறைந்த சிசுக்களை ஈன்றனர் எனப் பிற்கால ஆய்வுகள் காட்டின. அங்கே பஞ்சம் சில மாதங்களில் நீங்கிற்று.

மலையகத்தின் கொடிய காலம் 1973-74. உலகச் சந்தையில் தானிய விலை ஏற, அரசு உணவுப் பங்கீட்டைக் குறைத்தது, மாவுக்கும் தட்டுப்பாடு. அரிசியை ஓரிடத்திலிருந்து இன்னோரிடம் கொண்டுசெல்வதற்கும் கட்டுப்பாடு இருந்தது. கிராமத்தவர்க்குச் சொந்த வயலோ, வளவிலுள்ள பலாவோ, மரவள்ளியோ ஓரளவு கைகொடுத்தது. லயத்துக் குடும்பத்துக்கு வாசலோரத் துண்டு நிலமன்றி வேறொன்றுமில்லை. 1974இல் தோட்டங்களிற் பிறந்த 1,000 குழந்தைகளில் 100க்கு மேற்பட்டவை ஓராண்டு நிறையுமுன் மடிந்தன. முழு நாட்டுக்குமான வீதம் 50ஐ ஒட்டியே இருந்தது. பிறந்தபின் நேர்ந்த இம்மரணங்களுக்கு நோயும் சுகாதாரக் கேடும் காரணமாயின என்பது மெய்யே. ஆனால் எடை குறைந்து பிறந்த சிசுவே அவற்றுக்கு முதலில் இரையாவது.

சோளமும் சோயாவும் கலந்த திரிபோஷா மா, கருவுற்றோர்க்கும் சிறுவர்க்குமென வழங்கப்படலாயிற்று என்பதும் இதே 1973ஆம் ஆண்டின் செய்திதான்.

நுவரெலியாவின் கரட்டும் லீக்ஸும் கோவாவும் லொறியேறிக் கொழும்புக்குச் செல்கின்றன. அத்தோட்டங்களுக்கு அயலிலுள்ள லயங்களிலோ கோதுமை ரொட்டியும் சம்பலுமே பலருக்கு நெடுங்காலமாக அன்றாட உணவு. அதனோடு பருகும் சாயத் தேநீர், உணவிலுள்ள சிறிதளவு இரும்புச் சத்தையும் உடல் ஏற்கவிடாது தடுப்பது. 2006-07ஆம் ஆண்டுக் குடித்தொகை, சுகாதார அளவீட்டின்போது நாடளாவிய ரீதியில் ஏறத்தாழ ஆறில் ஒரு குழந்தை 2,500 கிராமுக்குக் குறைவான எடையோடு பிறந்திருந்தது. தோட்டத்துறையில் அது ஏறத்தாழ மூன்றில் ஒன்று.