தால்சேர் பாறாங்கல்லும் நம் வீட்டு மின்சாரமும்



எம்.ரெட்டியபட்டி வெயிலில் உட்கார்ந்துகொண்டு வாத்தியார் பனியாற்றைப் பற்றி எழுதுகிறாரே என்று சிரிக்காதீர்கள். இந்தக் கதையும் வெக்கையான ஊரில்தான் நடக்கிறது.

1856ஆம் ஆண்டு. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை தொடங்கி ஐந்தே வருடம். வில்லியம் பிளான்ஃபோர்டு, அவர் தம்பி ஹென்றி, தியோபால்டு ஆகியோர் ஒடிசாவின் தால்சேர் நிலக்கரிப் பகுதியை ஆராய்ந்தார்கள். நிலக்கரிக்குக் கீழுள்ள படிவத்தில், மெல்லிய வண்டலுக்குள் பெரிய பாறாங்கற்கள் பதிந்து கிடந்தன.

இதில் என்ன அதிசயம்? நம் கண்மாயை நினைத்துப் பாருங்கள். ஓடை வேகமாக வந்து சேரும் இடத்தில் சரளை, சற்றுத் தள்ளி மணல், தண்ணீர் நின்று தெளியும் இடத்தில் கரம்பை. தண்ணீர் தரம் பிரித்துத்தான் போடும். பாறாங்கல்லை உருட்டுகிற வெள்ளம் வண்டலை விட்டுவைக்காது. அப்படியானால் அந்தக் கற்களைக் கொண்டுவந்தது பனிக்கட்டியாகத்தான் இருக்கும் என்று எழுதினார்கள்.

பனியாறு என்பது ஆண்டுக்கணக்கில் இறுகிய பனி, தன் பாரத்தாலேயே மெல்ல நகர்வது. அடியில் சிக்கிய கற்களை வைத்து, ஆசாரி உப்புத்தாள் போடுவதுபோல் தரைப் பாறையைத் தேய்த்துக் கீறும், பெயர்த்தும் எடுக்கும். உருகும் இடத்தில் பாறாங்கல், மணல், மாவு போன்ற தூள் எல்லாவற்றையும் பிரிக்காமல் கொட்டிவிடும்.

வெப்ப நாட்டில் பனியா என்று சந்தேகப்பட்டவர்கள் உண்டு. 1872இல் மகாராஷ்டிராவின் சந்திரபூர் பக்கம் ஈராய் என்ற இடத்தில், அப்படிக் கீறப்பட்ட பாறைத் தரையையே ஃபெடன் கண்டுபிடித்தார். தென்னாப்பிரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் இதே தடயங்கள் கிடைத்தன. கண்டங்கள் ஒன்றாக இருந்து பிரிந்தவை என்று 1912இல் வெகனர் சொன்னபோது, இந்தக் கற்களும் அவருக்குச் சாட்சி. சுமார் 30 கோடி ஆண்டுகளுக்கு முன் நம் நிலம் தென்துருவத்துக்குப் பக்கத்தில் இருந்தது.

பனி விலகிய பின் அந்தத் தாழ்நிலங்களில் காடு வளர்ந்தது, புதைந்தது, நிலக்கரியானது. தால்சேர் நிலக்கரி இன்று பாரதீப்பில் கப்பலேறித் தூத்துக்குடி அனல்மின் நிலையத்துக்கு வருகிறது. நம் வீட்டு விளக்கில் அதன் பங்கும் உண்டு. உலகெங்கும் நிலக்கரி எரியும் புகையால் பூமி சூடாகி, இமயத்தில் கங்கோத்ரிப் பனியாறு பின்வாங்கிக்கொண்டிருக்கிறது. பழைய பனி விட்டுச் சென்ற சொத்தை எரித்து, இருக்கிற பனியைக் கரைக்கிறோம்.

கோடையில் கண்மாயில் கரம்பை அள்ளும்போது பிள்ளைகளைக் கூட்டிப்போய் அந்த அடுக்குகளைக் காட்டுங்கள். ஆளில்லாத அறையில் ஃபேன் ஓடினால், போய் அணைத்துவிடுங்கள்.