காலும் காலும் அரையும்: சாரத்து மொட்டைமாடியில் ஓர் இலக்கணத் திருப்புதல்

முழு ஆண்டுத் தேர்வுக்கு ஒரு வாரம் இருந்தது. சாரத்தில் எங்கள் வீட்டு மொட்டைமாடிக்குப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் மூன்று பேர் தமிழ்ப் புத்தகத்தோடு வந்தார்கள். ஆறாவது ஒருத்தன், ஏழாவது ஒருத்தன், எட்டாவது ஒருத்தி. "மாமா, இலக்கணம் மட்டும் சொல்லிக் குடுங்க. மத்ததெல்லாம் நாங்களே பாத்துக்குறோம்" என்றாள் பெரியவள். குற்றியலுகரத்தில் ஆரம்பித்தேன். நாலு வரி தாண்டவில்லை, ஏழாவது படிப்பவன் கேட்டான்: "இது பரீட்சைக்கு வருமா மாமா?"

எனக்குக் கோபம் வரவில்லை. நானும் அதையேதான் கேட்டு வளர்ந்தேன். ஆனால் அன்று ராத்திரி அந்தக் கேள்வி மண்டையைக் குடைந்தது. தமிழ் இலக்கணம் எப்போதிலிருந்து 'வருமா, வராதா' என்ற கணக்குக்குள் வந்தது? அலமாரியில் இருந்த நன்னூலை எடுத்துப் புரட்டினேன். அதிலிருந்து கிளம்பிய குறிப்புகள்தான் இவை.

இன்றைய பள்ளி இலக்கணத்தின் எலும்புக்கூடு பெரும்பாலும் நன்னூலில் இருந்து வந்தது. சீயகங்கன் என்ற சிற்றரசன் கேட்டுக்கொள்ள, 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் என்ற சமணத் துறவி எழுதிய நூல் அது. தொல்காப்பியத்தில் ஏறக்குறைய 1,600 நூற்பாக்கள். நன்னூலில் பாயிரத்தையும் சேர்த்து 462 தான். சொல்லப்போனால் அதுவும் மாணவர்களுக்கான சுருக்கம்தான். 'சுருக்கிப் படிப்பது இந்தக் காலத்துக் கேடு' என்று புலம்புகிறவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். மனப்பாடத்தையும் நன்னூல் ஒதுக்கவில்லை. நூற்பா என்ற வடிவமே நெட்டுரு போடுவதற்கு ஏற்றது.

பள்ளிக்கூடத்தில் நாம் அதிகம் பார்க்காத பகுதி ஒன்று நன்னூலில் இருக்கிறது. அதுதான் முதலில் உள்ள 55 நூற்பாப் பாயிரம். நூல் எப்படி இருக்க வேண்டும், ஆசிரியர் எப்படி, மாணவர் எப்படி, பாடம் சொல்வது எப்படி, கேட்பது எப்படி என்று வரிசையாகப் பேசும். மாணவரை மூன்று தரமாகப் பிரித்து உவமை சொல்லும் இடம் சுவையானது. அன்னமும் பசுவும் முதல் தரம். மண்ணும் கிளியும் நடுத்தரம். ஓட்டைக் குடம், ஆடு, எருமை, பன்னாடை ஆகியவை கடைசி. இதில் கிளியின் இடத்தைக் கவனியுங்கள். சொல்லிக் கொடுத்ததை அப்படியே திருப்பிச் சொல்லும் கிளி, நன்னூல் கணக்கில் முதல் மாணவர் இல்லை. நம் தேர்வுகள் அதற்குத்தான் நூற்றுக்கு நூறு கொடுக்கின்றன.

அதே பாயிரம் எப்படிப் படிக்க வேண்டும் என்றும் சொல்கிறது. உலக வழக்கைத் தெரிந்துகொள், பாடத்தைப் போற்று, கேட்டதை நினைத்துப் பார், கூடப் படிப்பவர்களோடு பழகு, கேள்வி கேள், கேட்டவர்களுக்குப் பதில் சொல் என்று போகிறது பட்டியல். பிறகு ஒரு கணக்கு வருகிறது. ஆசிரியர் சொன்னதை எவ்வளவு நன்றாகக் கேட்டாலும் கிடைப்பது கால் பங்கு. உடன் படிப்பவர்களோடு கலந்து பழகினால் இன்னொரு கால். மீதி அரைப் பங்கு, அடுத்தவருக்குச் சொல்லிக் கொடுக்கும்போதுதான் வரும். ஒரு முறைக்கு மேல் கேட்டால்தான் பிழை குறையும் என்றும் இருக்கிறது. அதாவது 'ரிவிஷன்' எப்படிச் செய்வது என்பதற்குத் தமிழ் இலக்கண நூலே ஒரு திட்டம் வைத்திருக்கிறது!

இதெல்லாம் ஏட்டோடு நின்ற பேச்சா? அப்படித் தெரியவில்லை. நம் திண்ணைப் பள்ளிகளில் மூத்த மாணவனாகிய சட்டாம்பிள்ளைதான் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லுவான். 1789இல் சென்னை எழும்பூர் ஆண் அனாதை விடுதிக்குப் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துக்காரர், உள்ளூர்ப் பள்ளியொன்றில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதுவதைப் பார்த்தார். அதைத் தன் விடுதியிலும் செய்யச் சொன்னார். அங்கிருந்த ஆசிரியர்கள் ஒத்துழைக்காதபோது, ஒரு சிறுவனையே கடைசி வகுப்புக்குப் பாடம் சொல்ல உட்கார வைத்தார். ஊர் திரும்பி 1797இல் இதைப் பற்றி ஒரு சிறு நூல் வெளியிட்டார். பிள்ளைகளே பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் அந்த முறை இங்கிலாந்தில் 'மதராஸ் முறை' என்ற பெயரிலேயே பரவியது. ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊரில் 'மதராஸ் கல்லூரி' என்ற பெயரில் அவர் நிறுவிய பள்ளி இன்றும் இருக்கிறது.

அந்த முறை கடல் தாண்டிப் போன அதே காலத்தில், இங்கே வேறொன்று வேரூன்றத் தொடங்கியது. 1812இல் சென்னை ஜார்ஜ் கோட்டைக் கல்லூரி தொடங்கப்பட்டது. கம்பெனியின் இளம் அதிகாரிகளுக்கு நாட்டு மொழிகள் கற்றுக்கொடுத்துத் தேர்வு வைப்பது அதன் வேலை. அங்கே தலைமைத் தமிழ்ப் புலவராக இருந்த தாண்டவராய முதலியார் 'இலக்கண வினாவிடை' எழுதினார். பின்னால் யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலரும் (1822–1879) 'இலக்கண வினாவிடை', 'இலக்கணச் சுருக்கம்' இரண்டையும் எழுதினார். கிறித்தவ மிஷனரிகள் மதபோதனைக்குப் பயன்படுத்திய வினா–விடை வடிவத்தை எடுத்துச் 'சைவ வினாவிடை' எழுதியவரும் அவரே. 1857இல் சென்னைப் பல்கலைக்கழகம் வந்ததும் தேர்வு என்பது பெரிய வாசலாகி விட்டது. வாசலைக் கடக்க, கேள்விக்கு ஒரு பதில் தேவைப்பட்டது.

இதில் நாவலரையோ முதலியாரையோ குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆசிரியர் கிடைக்காத ஊர்ப் பிள்ளைக்கும் அச்சுப் புத்தகம் வழியாக இலக்கணம் கிடைத்தது அவர்களால்தான். வேறுபாடு கேள்வியின் தன்மையில் இருக்கிறது. பழைய உரைகளிலும் கேள்வி உண்டு. 'இந்த விதி இந்தச் சொல்லுக்குப் பொருந்தவில்லையே' என்று மறித்து நிற்கும் கேள்வி அது. அதற்கு விடை சொல்லித்தான் உரைகாரர் மேலே போக முடியும். வினாவிடைப் புத்தகத்தின் கேள்விக்கு விடை ஏற்கெனவே அச்சாகி விட்டது. கேட்பது புத்தகம், சொல்வது பிள்ளை. பிள்ளை திருப்பிக் கேட்க அங்கே இடமில்லை.

புதுச்சேரியின் கதை கொஞ்சம் வேறு மாதிரி. சென்னையில் இங்கிலீஷ்காரன் தேர்வு நடந்தபோது இங்கே பிரெஞ்சுக்காரன் தேர்வு. பழைய ஆட்கள் வாயில் 'செர்த்திபிகா', 'பிரவே' என்ற பெயர்கள் இன்னும் வரும். அந்தப் பிரெஞ்சு அரசின் பள்ளிகளில்தான் பாரதிதாசன் என்று நாம் அறியும் கனகசுப்புரத்தினம் 1909 முதல் 1946 வரை, 37 ஆண்டுகள் தமிழாசிரியராக இருந்தார். முதல் வேலை காரைக்கால் பக்கத்து நிரவியில். அவரைப் புரட்சிக்கவிஞராக நினைவில் வைத்திருக்கிறோம். எழுத்தும் சொல்லும் தினமும் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்த வாத்தியார் என்பதை மறந்துவிடுகிறோம்.

1954 நவம்பர் 1இல் ஆட்சி கைமாறியது. அதன்பின் நம் பள்ளிகள் தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தின் வழியில் போயின. 2023–24இல் அரசுப் பள்ளிகளில் ஆறாவது முதல் ஒன்பதாவது வரையும் பதினொன்றாவதிலும் சி.பி.எஸ்.இ. வந்தது. அடுத்த ஆண்டு பத்தாவதும் பன்னிரண்டாவதும் மாறின. ஆக, ஒரே ஊரில் ஒரு தாத்தா, ஒரு அப்பா, ஒரு பேத்தி மூவரும் மூன்று தேர்வு முறைகளுக்குத் தமிழ் படித்திருக்க முடியும். குற்றியலுகரம் என்னவோ அதே குற்றியலுகரம்தான்.

நடுநிலை வகுப்புப் பிள்ளைகளுக்கு இப்போது இன்னொரு இழுப்பும் உண்டு. எட்டாவதில் எழுதும் தேசிய வருவாய்வழித் திறன் உதவித்தொகைத் தேர்வு (என்.எம்.எம்.எஸ்.). தேர்வானால் ஒன்பதாவது முதல் பன்னிரண்டாவது வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய். இரண்டு தாள், ஒவ்வொன்றிலும் 90 கேள்வி. மனத்திறன், அறிவியல், சமூக அறிவியல், கணிதம் இருக்கின்றன. மொழித்தாள் இல்லை. பெரியவளின் அம்மா, "தமிழ் அப்புறம் பாத்துக்கலாம், முதல்ல கணக்கைப் போடு" என்று சொல்வதில் நியாயம் இருக்கிறது. அந்த வீட்டில் 12,000 ரூபாய் என்பது சின்ன விஷயமில்லை. இன்னொரு பக்கம், 2021 நவம்பர் 12இல் நாடு முழுக்க நடந்த தேசிய அடைவு ஆய்வு எட்டாவது பிள்ளைகளிடம் மொழியில் சோதித்தது, பத்தியைப் படித்துப் பொருள் கொள்ள முடிகிறதா என்பதை. அங்கே குற்றியலுகரத்தின் ஆறு வகையை ஒப்பிப்பதற்கு மதிப்பெண் இல்லை. ஒரு தேர்வில் இலக்கணம் வராது, இன்னொன்றில் பெயர் கேட்பார்கள், வேறொன்றில் பயன்பாடு மட்டும். பையன் 'வருமா' என்று கேட்காமல் என்ன செய்வான்?

மறுநாள் பவணந்தியாரின் கணக்கைச் சோதித்துப் பார்த்தேன். பெரியவளிடம் பதினைந்து நிமிடம் பேசினேன். "இப்ப நீ இவனுங்களுக்குச் சொல்லு. வகைப்பேரெல்லாம் அப்புறம்" என்று ஒதுங்கிக்கொண்டேன். அவள் கொஞ்சம் திணறினாள். பிறகு, "'பசு'ன்னு சொல்லு... உதடு குவியுதா? இப்ப 'காசு'ன்னு சொல்லு. கடைசில குவியுதா?" என்றாள். மூன்று பேரும் ஒருவர் வாயை ஒருவர் பார்த்துக்கொண்டு பசு, காசு, பசு, காசு என்று கத்தினார்கள். அடுத்து அவளாகவே ஒன்று கண்டுபிடித்தாள். "காசு இல்லைங்கிறத சேத்துச் சொன்னா 'காசில்லை'. பசு இல்லைங்கிறது 'பசுவில்லை'. 'காசுவில்லை'ன்னு யாராவது சொல்லுவாங்களா?" உண்மைதான். குறுகிய உகரம் உயிர் வந்தால் ஓடிவிடும், குறுகாதது நின்று வகரத்தைத் துணைக்கு அழைக்கும். தொல்காப்பியர் எழுத்ததிகாரத்தின் கடைசி இயலை முழுக்க இந்தக் குற்றியலுகரப் புணர்ச்சிக்கே கொடுத்திருக்கிறார். அது முழுவதும் இந்தப் பிள்ளைகளின் நாக்கில் ஏற்கெனவே இருந்தது.

அப்போதுதான் ஏழாவது படிப்பவன் மாடிப்படிக் கதவைப் பார்த்துக்கொண்டே, "அப்ப 'கதவு'? அதுல 'வு' தானே வருது, வல்லினம் இல்லையே. ஆனா 'கதவில்லை'ன்னுதானே சொல்றோம்?" என்றான். பெரியவள் என்னைப் பார்த்தாள். நான் கீழே ஓடிப்போய் நன்னூலை எடுத்து வந்தேன். பவணந்தியார் அந்த விதியின் கடைசியிலேயே, முற்றியலுகரமும் சில இடங்களில் இப்படிப் போகும் என்று இரண்டு மூன்று சொல்லில் முடித்துவைத்திருக்கிறார். எழுநூறு ஆண்டுக்கு முன்னால் யாரோ ஒரு மாணவன் இதே கதவை முட்டியிருக்க வேண்டும்.

புதுச்சேரிக்காரரான இலக்கண அறிஞர் இரா. திருமுருகன் (1929–2009) இந்த இடத்தில் நினைவுக்கு வந்தார். கூனிச்சம்பட்டில் பிறந்தவர். மக்கள் வாயில் பாட்டாக வாழ்ந்த சிந்துக்கு, 'சிந்துப் பாவியல்' என்று இலக்கணம் எழுதியவர். காதால் கேட்டுத்தான் அதற்கு விதி சொல்ல முடியும். இலக்கணம் எழுதுகிறவரும் முதலில் கேட்கிறவர்தான். 'கதவில்லை' என்றவனும் அன்று அதைத்தான் செய்தான்.

பெயர்களையும் விட்டுவிடவில்லை. நெடில்தொடர் முதல் இடைத்தொடர் வரை ஆறையும் கடைசி நாள் நெட்டுரு போட்டோம். தேர்வு இருக்கிறது, மதிப்பெண் வேண்டும், கிளியாகவும் கொஞ்சம் இருக்கத்தான் வேண்டும். ஆனால் வரிசை மாறியது. முதலில் வாய், பிறகு கேள்வி, கடைசியில் பெயர். அந்த வரிசையில் வந்தபோது பெயர்கள் அரை மணி நேரத்தில் நின்றுவிட்டன.

தேர்வு முடிந்து வந்த ஏழாவது படிப்பவனிடம், "குற்றியலுகரம் வந்துச்சா?" என்று கேட்டேன்.

"ஒரு மார்க்குக்கு வந்துச்சு மாமா" என்றான். கொஞ்ச நேரம் கழித்து, "கதவு வரலை" என்றான், ஏமாற்றமாக.