மாயர் நகரும் திரைப்படக் கதையும்

மயன் என்னும் பெயரைக் கேட்டறியாத தமிழர் அரியர். பாண்டவர்க்கு வியத்தகு மண்டபம் அமைத்துக் கொடுத்த தெய்வத் தச்சன் அவன். சிலப்பதிகாரம் அவனைக் குறிப்பிடுகிறது. ‘மயமதம்’ என்னும் வடமொழிச் சிற்பநூல் அவன் பெயரால் வழங்குகிறது. கடல் பல கடந்து, நடு அமெரிக்காவிலே மாயர் என்றொரு மக்களினம் உண்டு. பெயரொலி ஒத்திருத்தலால் இருவரும் ஒருவரே என எண்ணுவோர் நம்மிடையே உளர். குமரிமுனையில் 133 அடி உயரத் திருவள்ளுவர் சிலையைச் சமைத்த பெருஞ்சிற்பி கணபதி தபதியார், மாயர் கட்டடங்களை நேரிற் கண்டு, நம் சிற்ப மரபே அங்கும் விளங்குவதாகக் கருதினார். அவருடைய கைத்திறத்தை நாம் போற்றுகிறோம். ஆயினும் வரலாறு கேட்கும் சான்று பெயரொற்றுமையன்று.

மெக்சிக்கோவின் தென்பகுதி, குவாத்தமாலா, பெலீசு ஆகிய நிலங்களில் கி.பி. 250 முதல் 900 வரை மாயர் நகரங்கள் சிறந்து விளங்கின. இரும்புக் கருவி இல்லை. பாரம் இழுக்கும் விலங்கு இல்லை. வண்டிச் சக்கரம் வழக்கில் இல்லை. கல்லைக் கல்லால் செதுக்கி, சுண்ணாம்பு சுட்டு, மனிதத் தோளிலே சுமந்து வானளாவும் கோயில்களை எழுப்பினர். சுழி என்னும் எண்ணை அறிந்திருந்தனர். வெள்ளிக் கோளின் 584 நாள் சுற்றினைக் கணித்து ஏட்டில் எழுதினர். அவ்வேடுகளிற் பலவற்றை 1562ஆம் ஆண்டு தியேகோ தெ லாந்தா என்னும் இசுபானியத் துறவி தீக்கிரையாக்கினார். எஞ்சியவை மிகச் சில. 1952இல் யூரி குனோரோசோவ் என்னும் ரஷ்ய அறிஞர் அவ்வெழுத்தைப் படிக்கும் வழியைத் திறந்தார். இன்று அக்கல்வெட்டுகள் மாயர் மொழியிலேயே அரசர் பிறப்பையும் போரையும் இறப்பையும் உரைக்கின்றன. அவற்றில் நம் மயனும் இல்லை. விண்ணிலிருந்து இறங்கிய விருந்தினரும் இல்லை.

விண்ணவர் கதை எங்கிருந்து வந்தது? அதே 1952இல் பலெங்கே நகரத்துக் கோயிலின் அடியில், கி.பி. 683இல் மறைந்த பக்கால் என்னும் மன்னனின் கல்லறையை அல்பெர்த்தோ ரூசு கண்டெடுத்தார். கல்மூடியில் மன்னன் சாய்ந்த நிலையில் செதுக்கப்பட்டுள்ளான். அது மாயரின் சமயக் கருத்துப்படி, மன்னன் கீழுலகையும் மறுபிறப்பையும் சார்ந்து நிற்கும் காட்சி. ஆனால் எரிக் வான் டேனிக்கன் 1968இல் வெளியிட்ட நூலில், அவன் விண்கலம் ஓட்டுகிறான் என்றார். 1970இல் அந்நூல் திரைப்படமாயிற்று. கல்தச்சனின் உழைப்பு ஒரே வீச்சில் வேற்றுக்கோளார் கணக்கில் எழுதப்பட்டது.

பின்வந்த படங்களும் இவ்வழியே சென்றன. மெல் கிப்சன் 2006இல் எடுத்த ‘அபோகலிப்டோ’ மாயர் மொழியிலேயே பேசிற்று, அது பாராட்டத்தக்கது. ஆயினும் பெருநகரங்கள் பல வீழ்ந்து அறுநூறு ஆண்டுகளுக்குப் பின் வந்த இசுபானியக் கப்பலை அவற்றின் காலத்தோடு அது இணைத்துவிட்டது. 2009இல் ரோலண்ட் எம்மெரிக் எடுத்த ‘2012’ என்னும் படமோ, மாயர் நாட்காட்டியின் ஒரு பெருஞ்சுற்று 2012 டிசம்பர் 21இல் முடிவதையே உலக முடிவாக்கிற்று. நம் வீட்டுச் சுவரில் மார்கழி முடிந்தால் தை பிறப்பது போன்றதே அது. சுற்று முடிந்தது, மறுசுற்று தொடங்கிற்று.

அப்படத்தில், இந்திய நாட்டு ஆழ்சுரங்கம் ஒன்றில் நியூட்ரினோ என்னும் நுண்துகள்கள் பூமியின் நடுவைக் கொதிக்கச் செய்வதை அறிஞர் கண்டறிவதாகக் காட்சி வருகிறது. உண்மையில் அத்துகள்கள் பூமியை ஏறத்தாழத் தடையின்றி ஊடுருவிச் செல்வன. கொதிக்கச் செய்வன அல்ல. ஆனால் உண்மைச் செய்தி ஒன்றும் உண்டு. 1965இல், காற்றுமண்டலத்தில் தோன்றும் நியூட்ரினோக்களை உலகில் முதன்முதலாக அறிந்த இடங்களுள் ஒன்று கோலார் தங்கவயல். அச்சுரங்கத்தின் இருளில் தலைமுறை தலைமுறையாக இறங்கி உழைத்தவர்களிற் பெரும்பாலோர், தாயகம் விட்டுச் சென்ற தமிழர். அவர்கள் தோண்டிய ஆழமே அறிவியலுக்கு ஆய்வுக்கூடமாயிற்று. 2001இல் சுரங்கம் மூடப்பட்டது. அவ்வுழைப்பாளரைக் காட்டும் காட்சி அந்த ஆங்கிலப் படத்தில் இல்லை.

செய்தவன் பெயர் மறைவது திரையில் மட்டுமா நிகழ்கிறது? நாகர்கோயிலிலிருந்து திருவனந்தபுரம் செல்லும் பெருஞ்சாலையிலே களியக்காவிளை, பாறசாலை, உதியன்குளங்கரை, நெய்யாற்றின்கரை என ஊர்கள் ஒன்றையொன்று தொட்டு நிற்கின்றன. 1956 நவம்பர் முதல் நாள் விளவங்கோடு தமிழகத்தோடு சேர்ந்தது. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. அதற்கு முன்னர் இச்சாலையில் மாநில எல்லை இல்லை. இதன் தென்கோடிக்கு அப்பாலுள்ள அகத்தீசுவரத்தில் பிறந்த ஜே. சி. டேனியல், வடகோடியிலுள்ள திருவனந்தபுரத்தில் தம் சொத்தை விற்று, ‘விகதகுமாரன்’ என்னும் முதல் மலையாளப் பேசாப்படத்தை எடுத்தார். அதில் நடித்த தாழ்த்தப்பட்ட குலத்துப் பெண்மணி ரோசி, எதிர்ப்பால் ஊரைவிட்டே ஓட நேர்ந்தது. டேனியலோ பொருளிழந்து, 1975இல் மறையும் வரை உரிய சிறப்பின்றி வாழ்ந்தார். அவர் பெயரால் விருது அமைந்தது 1992இல். அவர் வாழ்க்கை ‘செல்லுலாய்டு’ என்னும் படமானது 2013இல். எல்லைக்கோட்டின் இருபுறமும் அவரை உடனே தம்மவர் என்று ஏற்க முன்வரவில்லை.

மாயர் இன்றும் வாழ்கின்றனர். ஏறத்தாழ முப்பது மாயமொழிகளைப் பல இலட்சம் மக்கள் பேசுகின்றனர். 2015இல் வெளிவந்த ‘இச்கானுல்’ என்னும் குவாத்தமாலாப் படம் அவற்றுள் ஒன்றான கக்சிகெல் மொழியில் எடுக்கப்பட்டு, பெர்லின் விழாவில் பரிசு பெற்றது. அதில் விண்கலம் இல்லை. காப்பித் தோட்டத்தில் உழைக்கும் ஒரு குடும்பம் உண்டு.

வேற்று மாநிலத்தில் வீடும் பாலமும் ஆலையும் கட்டி வாழும் நம் உடன்பிறப்புகளுக்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை. நம் உழைப்பு நம் பெயரில் நிற்க வேண்டும் என விரும்பும் நாம், மாயர் உழைப்பை மயனுக்கும் எழுதலாகாது, விண்ணவர்க்கும் எழுதலாகாது. படத்தைக் கண்டு மகிழ்வோம்; கல்லைச் செதுக்கிய கையை மறவாதிருப்போம்.