நெட்டித் தொப்பியும் கொங்காணியும்: திம்புள்ள வெயிலின் கதை

ஏப்ரல் மாதம் பிறந்ததும் இலங்கை வளிமண்டலவியல் திணைக்களம் ஆண்டுதோறும் ஓர் அறிவித்தலை விடுக்கும். சூரியனின் வடதிசை நோக்கிய நகர்வு காரணமாக ஏப்ரல் 5 முதல் 15 வரை சூரியன் இலங்கைக்கு நேர் உச்சியில் இருக்கும் என்பதே அது. இன்ன நாளில் இன்ன ஊர்களுக்கு மேலே உச்சம் கொடுக்கும் என்ற பட்டியலும் உடன் வரும். பத்திரிகைகளின் உள்பக்கத்தில் ஒரு சிறு பத்தியாக அது வெளியாகும், பெரும்பாலானோர் படிப்பதில்லை. தலவாக்கலை, லிந்துலை, நுவரெலியா ஆகிய ஊர்கள் ஏறக்குறைய வட அகலாங்கு 7 பாகையில் உள்ளன. ஆகவே ஏப்ரல் 7, 8ஆம் திகதிகளில் நண்பகலில் அங்கே நட்ட கம்புக்கு நிழல் விழாது.

அதே நாட்களில்தான் வெயிலுக்கு அஞ்சிய நாடு மலையேறுகிறது. நுவரெலியாவின் 'சீசன்' ஏப்ரலில் நடப்பது வெள்ளைக்காரர் விட்டுச் சென்ற வழக்கம். கொழும்பின் புழுக்கம் தாங்காத கனவான்கள் குதிரைப் பந்தயம் பார்க்கவும் கம்பளிச் சட்டை அணியவும் வந்தார்கள். வெயிலிலிருந்து தப்பிவிட்டோம் என்று நம்பினார்கள். உண்மையில் அவர்கள் தப்பியது வெப்பத்திலிருந்து மட்டுமே.

இந்த வேறுபாட்டைக் கொஞ்சம் விளக்க வேண்டும். வெயிலில் நாம் உணர்வது சூடு. தோலைச் சுடுவதோ புற ஊதாக் கதிர். அது கண்ணுக்கும் தெரியாது, சூடாகவும் உறைக்காது. கடல் மட்டத்திலிருந்து ஆயிரம் மீற்றர் ஏறினால் புற ஊதாக் கதிரின் வலிமை சுமார் 10 வீதம் கூடுகிறது. நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது; திம்புள்ளப் பிரதேசத்துத் தோட்டங்கள் அதற்குச் சற்றுக் கீழே. மெல்லிய மேகம் இந்தக் கதிரை அவ்வளவாகத் தடுப்பதில்லை. கடற்கரையின் உலர்ந்த மணல் தன்மீது விழும் புற ஊதாக் கதிரில் ஏறக்குறைய 15 வீதத்தைத் திருப்பி எறியும் என்பார்கள். பெந்தோட்டை மணலில் படுத்திருப்பவருக்கு மணல் தருகிற அந்த உபரியை, தலவாக்கலையில் நிற்பவருக்கு உயரம் தந்துவிடுகிறது. குளிர்காற்று வீசுவதால் அவருக்கு அது தெரிவதில்லை. இரவில் கழுத்து எரியும்போதுதான் தெரியும்.

வெள்ளையர் மலையேறிய கதை 1819இல் தொடங்குகிறது. அந்த ஆண்டு ஜோன் டேவி என்ற படை மருத்துவர் நுவரெலியாச் சமவெளிக்கு வந்து அதன் குளிர்ச்சியைக் குறித்து வைத்தார். சுரங்க விளக்கைக் கண்டுபிடித்த ஹம்ப்ரி டேவியின் தம்பி அவர். 1820களின் பிற்பகுதியில் ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் அங்கே தமக்கு ஒரு மாளிகை கட்டி, நோயுற்ற படையினர் உடல் தேறுவதற்கான இடமாக அதனை ஆக்கினார். பிற்காலத்தில் நைல் நதியின் ஊற்றுக்களைத் தேடிப் புகழ்பெற்ற சாமுவேல் பேக்கர், காய்ச்சலில் நலிந்து நுவரெலியாவுக்கு வந்து தேறி, 1848இல் ஒரு சிறு ஆங்கிலக் கிராமத்தையே அங்கு குடியேற்ற முயன்றார். இவர்களுக்கெல்லாம் மலை ஒரு மருந்து.

அவர்கள் அஞ்சியது எதற்கு? 19ஆம் நூற்றாண்டின் ஆங்கில மருத்துவ நம்பிக்கையில், வெப்பநாட்டுச் சூரியன் வெள்ளைக்காரனின் மண்டையோட்டையும் முதுகெலும்பையும் ஊடுருவி மூளையையும் நரம்பையும் தாக்கும். காலையில் ஐந்து நிமிடம் வெறுந்தலையுடன் வெளியே நின்றாலும் ஆபத்து. இந்தியாவில் பணியாற்றிய மருத்துவர் ஜூலியஸ் ஜெஃப்ரிஸ் 1858இல் வெளியிட்ட நூலில் படைவீரர்களுக்கு ஏற்ற உடையையும் காற்றோட்டமுள்ள தலைக்கவசத்தையும் விரிவாக ஆராய்ந்தார். காலப்போக்கில் நிலைத்தது சோலா தொப்பி. அதன் மூலப்பொருள் நமக்குப் புதியதன்று. குளக்கரையில் வளரும் நெட்டியின் வெண்தக்கைதான் அது. தஞ்சாவூரில் கோயில் கோபுரமும் மாலையும் செய்கிற அதே நெட்டிதான், வெள்ளைக்காரனின் தலையில் ஏறிப் பேரரசின் சின்னமாயிற்று. கப்பல் போர்ட் சையித்தை அடைந்ததும் தொப்பி வாங்குவதும், தாய்நாடு திரும்புகையில் அதைக் கடலில் எறிவதும் ஒரு சடங்கு. தொப்பி போதாதென்று முதுகெலும்பின்மேல் சட்டையோடு பொத்தானிட்டு மாட்டும் பஞ்சுப் பட்டையும் இருந்தது. புழுங்கும் நாட்டில் முதுகில் பஞ்சு மெத்தை!

இதற்கு விஞ்ஞான முத்திரையும் கிடைத்தது. அமெரிக்கப் படை மருத்துவர் சார்ல்ஸ் வூட்ரஃப் 1905இல் வெளியிட்ட நூலில், வெப்பநாட்டு ஒளியே வெள்ளையரின் நரம்புகளைச் சிதைக்கிறது என்றார். அந்தக் கதிர்களை வடிகட்ட உடலோடு ஒட்டிச் செம்மஞ்சள் நிற உள்ளாடை அணிந்தால் பயனுண்டா என்று பிலிப்பைன்ஸில் அமெரிக்கப் படையினரை வைத்துச் சோதித்தே பார்த்தார்கள். 1910இல் வெளியான முடிவு: பயன் எதுவுமில்லை, புழுக்கம் கூடியதுதான் மிச்சம். இதே 1905இல் இங்கிலாந்தில் ஜே. எஸ். ஹோல்டேன், சூரியனே எட்டாத கோர்ன்வால் சுரங்கங்களில் வெப்பத்தை ஆராய்ந்தார். ஈரக்குமிழ் வெப்பமானியின் அளவு சுமார் 31 பாகை செல்சியஸைத் தாண்டினால், உடல் தன் வெப்பத்தை வெளியேற்ற இயலாமல் காய்ச்சல் ஏறுவதைக் காட்டினார். மனிதனை வீழ்த்தியது வெப்பமும் ஈரக்காற்றும். மண்டையைத் துளைக்கும் மாயக்கதிர் எதுவுமில்லை. ஆனால் தோட்டத்துத் துரைமார் ஹோல்டேனைப் படிக்கவில்லை போலும். இன்னும் நாற்பது ஆண்டுகள் தொப்பி தலையில் இருந்தது.

பர்மாவில் பொலிஸ் அதிகாரியாக இருந்த ஜோர்ஜ் ஓர்வெல் 1944இல் 'டிரிபியூன்' இதழில் இதைப் பற்றி எழுதினார். வெள்ளைக்காரனின் உடல் சுதேசியின் உடலிலிருந்து வேறானது என்று காட்டுவதே தொப்பியின் வேலை என்பது அவர் கருத்தின் சாரம். இரண்டாம் உலகப் போரில் ஆயிரக்கணக்கான வெள்ளை வீரர்கள் வெப்பநாடுகளில் தொப்பியின்றித் திரிந்தும் ஒன்றும் ஆகவில்லை. சோலா தொப்பி ஓசையின்றி மறைந்தது.

இது கதையின் ஒரு பாதி. இந்தக் கொள்கைக்கு எழுதப்படாத ஒரு மறுபாதி இருந்தது. வெள்ளை உடல் வெயிலுக்குக் கூசும் என்றால், கறுத்த உடலுக்கு வெயில் உறைக்காது என்பதுதான் அது.

கோப்பிக் காலத்தில் இராமநாதபுரம், புதுக்கோட்டை, திருச்சிச் சீமைகளிலிருந்து புறப்பட்டவர்கள் தோணியில் மன்னார்க் கரையை அடைந்து, வன்னிக் காட்டினூடாகத் தம்புள்ளை, மாத்தளை என்று கால்நடையாகவே மலைநாட்டுக்கு வந்தார்கள். தனுஷ்கோடி - தலைமன்னார்க் கப்பலும் ரயிலும் இணைந்தது 1914இல்தான். நீரற்ற வறண்ட பூமியில் எத்தனை பேர் விழுந்தார்கள் என்ற கணக்கை அறிஞர்கள் இன்றும் வாதிட்டுக்கொண்டிருக்கிறார்கள். முதுகுப் பட்டையும் நெட்டித் தொப்பியும் அவர்களுக்கு வேண்டும் என்று எந்த மருத்துவ நூலும் எழுதவில்லை. 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்தபின் திம்புள்ளச் சரிவுகள் தேயிலைக்கு மாறின. 1884இல் அட்டனுக்கும் 1885இல் நானுஓயாவுக்கும் ரயில் வந்தது. பருவத்துக்கு வந்து போனவர்கள் லயங்களில் நிலைத்த குடிகளானார்கள். தேயிலைக்கு ஆண்டு முழுவதும் கை வேண்டும். ஆண்டு முழுவதும் வெளியில் நிற்க ஆள் வேண்டும்.

தேயிலைச் செடியின் வெயிற்கூச்சத்தைத் துரைமார் நன்றாக அறிந்திருந்தார்கள் என்பது இங்கே சொல்லத்தக்கது. நிழலுக்காகவும் காற்றைத் தடுக்கவும் கிரவிலியாவும் முள்ளுமுருங்கையும் நட்டார்கள். கவ்வாத்து வெட்டிய செடியின் கொப்புகள் வெயிலில் வெந்து பட்டை வெடிக்காதிருக்க, வெட்டிய மிலாறையே அவற்றின்மேல் பரப்பிவைக்கும் வழக்கமும் உண்டு. 1925இல் அமைக்கப்பட்ட தேயிலை ஆராய்ச்சி நிலையம் திம்புள்ளப் பிரதேசத்தின் சென் கூம்ஸ் தோட்டத்திலேயே நிலைகொண்டு இவற்றையெல்லாம் ஆராய்ந்தது. செடிக்கு நிழல் உண்டு, துரைக்குத் தொப்பி உண்டு.

கொழுந்தெடுக்கும் பெண்ணுக்கு இருந்தது கம்பளி. இந்தியாவிலிருந்து வந்த முரட்டுக் கம்பளியை மடித்துத் தலையில் கவிழ்த்தால் அது கொங்காணி. அதற்கும் கூலியில் கழிவு உண்டு. தோட்டத்தில் கால்வைக்கும் முன்பே கங்காணியின் கணக்கில் ஏறும் கடன்களில் கம்பளியும் ஒன்றாக இருந்தது. மழைக்கும் குளிருக்கும் என்றே கொங்காணியைப் பொதுவாக எழுதுவார்கள். வெயிலுக்கும் அதுதான் என்பதை எழுதியவர் குறைவு. இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. கொழுந்துக் கூடையின் கயிறு தலையின் உச்சியில் தங்கும். பாரம் முழுவதையும் தாங்குவது அந்த ஒரு கயிறுதான். விளிம்பு விரிந்த எந்தத் தொப்பியும் அந்தக் கயிற்றுக்கடியில் நில்லாது. குடை பிடிக்கவோ கை ஓயாது. கயிறு அறுக்காமல் மெத்தையாகவும், பிடரியையும் காதையும் மறைக்கும் நிழலாகவும், மழைக்குக் கூரையாகவும் ஒரே துணி உதவ வேண்டும். கொங்காணி இவை மூன்றையும் செய்தது. அதை எந்தப் படை மருத்துவரும் வடிவமைக்கவில்லை. ஜெஃப்ரிஸின் தலைக்கவசத்தைவிட அறிவார்ந்த பொருள் அது என்பேன்.

குடையைப் பற்றியும் ஒரு செய்தி உண்டு. துரை எதிரே வந்தால் விரித்த குடையை மடக்கிக்கொண்டு வழியோரம் ஒதுங்கி நிற்க வேண்டும் என்றிருந்த வழக்கத்தைத் தோட்டத்து முதியவர்கள் சொல்லக் கேட்கலாம். மரியாதைக்காக என்பார்கள். நிழல் ஒரு பதவி என்பதை அதைவிடத் தெளிவாகக் காட்டும் சான்று தேவையில்லை. குதிரைமேல் தொப்பி, பாதையோரத்தில் மடக்கிய குடை: இரண்டும் ஒரே உச்சி வெயிலில்.

இதற்கிடையில் ஐரோப்பா தன் கருத்தை மாற்றிக்கொண்டது வேடிக்கை. வூட்ரஃபின் நூல் வெளிவருவதற்கு இரண்டு ஆண்டுகள் முன்னரே, 1903இல், ஒளியால் தோல் காசநோயைக் குணப்படுத்தியதற்காக டென்மார்க்கின் நீல்ஸ் ஃபின்சனுக்கு நோபல் பரிசு கிடைத்திருந்தது. அதே ஆண்டில் சுவிட்சர்லாந்தின் லேசான் மலையில் ஒகுஸ்த் ரோலியே காசநோயாளரைச் சூரியனில் கிடத்தும் மருத்துவமனையைத் தொடங்கினார். 1920களில் வெயிலில் கறுத்த மேனி நாகரிகமாயிற்று. வெளிறிய தோல் வெளியே உழைக்க வேண்டாதவனின் அடையாளமாக இருந்த காலம் போய், கறுத்த தோல் விடுமுறைக்குப் பணமுள்ளவனின் அடையாளமான காலம் வந்தது. இலங்கையில் 1966இல் உல்லாசப் பயணச் சபை அமைந்தது. அந்தத் தசாப்தத்தின் முடிவில் பெந்தோட்டையில் ஜெஃப்ரி பாவாவின் ஹோட்டல் எழுந்தது. சூரியனுக்கு அஞ்சி மலையேறியவர்களின் பேரப்பிள்ளைகள், சூரியனைத் தேடிக் கடற்கரையில் வந்து படுத்தார்கள்.

அவர்களில் பலருக்கு வெயில் உண்மையாகவே ஒவ்வாது. சிவந்த தலைமயிரும் வெளிறிய தோலும் உடையோர் சிறுபொழுதில் வெந்துபோவார்கள். லூப்பஸ் நோயுள்ளோருக்கு வெயில் நோயைக் கிளறிவிடும். மலேரியாவுக்கு முற்காப்பாகப் பயணிகள் உட்கொள்ளும் டொக்சிசைக்கிளின் மாத்திரை, கறுத்தவர் வெளுத்தவர் என்று பாராமல் தோலை வெயிலுக்குக் கூசச் செய்யக்கூடியது. பழைய துரைமார் விழுங்கிய கொயினாவுக்கும் அந்தக் குணம் உண்டு. இத்தகையோர் கடற்கரையில் நீண்ட கைச்சட்டையும் களிம்புமாக எச்சரிக்கையாகவே இருக்கிறார்கள். மறுநாள் கண்டியில் ரயிலேறி, திம்புள்ளப் பள்ளத்தாக்கில் சென் கிளெயர் நீர்வீழ்ச்சி தெரியும் இடத்தில் கதவில் தொங்கிக்கொண்டு போகும்போது களிம்பு பெட்டிக்குள் கிடக்கிறது. அங்கேதான் அது வேண்டும்.

கறுத்த தோலுக்குக் காப்பு உண்டென்பது பொய்யன்று. தோலின் மெலனின் புற ஊதாக் கதிரை உறிஞ்சுகிறது. தோற்புற்று நம்மிடையே அரிது. ஆயினும் அந்தக் காப்புக்கு எல்லை உண்டு. நமக்குள்ளேயே மெலனின் இன்றிப் பிறக்கும் குழந்தைகளுக்கு அது அறவே இல்லை. கண்ணின் வில்லைக்கு இனம் கிடையாது. ஆண்டுக்கணக்கில் வாங்கிய கதிர் கண்புரையாக முதிரும். கன்னத்தில் படரும் மங்கு கொழுந்தெடுக்கும் பெண்களின் முகத்தில் புதிய காட்சியன்று. வெப்பத் தாக்குக்கும் தோலின் நிறம் ஒரு பொருட்டில்லை. ஹோல்டேன் கண்டது எல்லா உடலுக்கும் பொருந்தும்.

ஜனவரி முதல் மார்ச் வரை திம்புள்ளத் தேயிலையின் தரப் பருவம். மேகம் விலகி, வறண்ட குளிர்காற்று வீசும் அந்த வாரங்களில்தான் கொழுந்தின் மணம் உச்சத்தில் இருக்கும். உலகச் சந்தையில் பெயர் பெற்ற திம்புள்ளச் சுவை அந்தத் தெளிந்த வானத்தின் பயன். காலையில் பனி கொட்டிய மலையில் பதினொரு மணிக்கு மறைப்பே இல்லாத வெயில். மலைகளில் நிற்பவர்கள் அந்த நேரத்தில் நிழலுக்குப் போவதில்லை. மத்தியான நிறுவைக்குப் பிறகுதான் சாப்பாட்டுக்கு லயத்துக்குப் போவார்கள். சில தோட்டங்களில் இப்போது மூங்கில் கூடைக்குப் பதிலாக இலேசான பை வந்திருக்கிறது. அதன் பட்டி தோளில் தங்குகிறது. அப்படித் தலை விடுபட்ட இடங்களில் பெண்கள் முதலில் செய்திருப்பது தொப்பி அணிவதுதான். முன்விளிம்பு நீண்ட சாதாரணத் துணித் தொப்பி, அதற்குக் கீழே பிடரியை மூடிப் பழைய துணி ஒன்று.