வெட்டுக்கிளி காட்டிய விதை ரகசியம்



வீரிய ஒட்டு விதை வாங்கி விதைச்சா வயல் முழுக்க ஒரே சீராக நிற்கிறது. அதிலேயே விதை எடுத்து அடுத்த பட்டத்துக்கு விதைச்சுப் பாருங்க. ஒண்ணு நெட்டை, ஒண்ணு குட்டை; ஒண்ணு முன்னே கதிர் வாங்கும், ஒண்ணு பின்னே வாங்கும். மண்ணையும் உரத்தையும் குறை சொல்லிப் பயனில்லை. காரணம் செடியின் உயிரணுவுக்குள்ளே இருக்கிறது.

உயிரணுவில் குரோமோசோம் என்னும் நூல் போன்ற பொருள்கள் உண்டு. பெற்றோரின் குணங்களைச் சுமப்பவை இவையே. 1883-ல் பெல்ஜிய நாட்டு வான் பெனடன், குதிரைக் குடற்புழுவை ஆராய்ந்து, கருமுட்டையிலும் விந்தணுவிலும் இவை பாதி எண்ணிக்கையே இருப்பதைக் கண்டார்.

பாதியாவது எப்படி? அமெரிக்காவில் கான்சாஸ் பண்ணையில் வளர்ந்த வால்டர் சட்டன் என்ற இளைஞர், வெட்டுக்கிளியை மைக்ராஸ்கோப்பில் ஆராய்ந்து 1902-லும் 1903-லும் விடை எழுதினார். குரோமோசோம்கள் ஜோடி ஜோடியாகச் சேரும். ஒன்று தாய்வழி, மற்றது தகப்பன்வழி. பிறகு ஜோடி பிரிந்து ஆளுக்கொரு பக்கம் போகும். 1866-ல் மெண்டல் பட்டாணிச் செடியில் கண்ட விதிகளுக்கு இதுவே அடிப்படை என்றார் சட்டன். ஜெர்மனியின் போவெரியும் அதே காலத்தில் இம்முடிவுக்கு வந்தார்.

அண்ணன் தம்பி இருவர் 12 ஜோடி உழவு மாடுகளைப் பாகம் பிரிக்கிறாங்கன்னு வையுங்க. ஒவ்வொரு ஜோடியிலும் ஆளுக்கு ஒன்று. இடத்து மாடு யாருக்கு, வலத்து மாடு யாருக்கு என்பதை ஜோடிக்கு ஜோடி சீட்டுப் போட்டுத்தான் முடிவு செய்யணும். நெல்லுக்கும் 12 ஜோடி குரோமோசோம்கள். ஆக, ஒரு பாகம் 4096 விதமாக அமையலாம். பிரியும் முன்னே ஜோடிகள் துண்டுகளை மாற்றிக்கொள்வதும் உண்டு.

தனி ரகத்தில் ஜோடியின் இரண்டும் ஏறக்குறைய ஒன்றே. எப்படிப் பிரித்தாலும் பாகம் மாறாது. கலப்பு நீக்கி, நல்ல கதிராகப் பார்த்து விதை எடுக்கலாம். ஒட்டு ரகத்தில் இரண்டும் வேறு வேறு; விதை எடுத்தால் குணம் சிதறிப் போகும்.

ஆகவே, விதைப்பையில் வீரிய ஒட்டு என்று இருக்கிறதா என்று பாருங்க. இருந்தால், அந்த விளைச்சல் களத்துக்கும் சந்தைக்கும்தான்; விதைக் குதிருக்கு வேண்டாம்.