நேற்றைய ரொட்டி

சிலாக்கிலேஸ் செய்த முதல் நாள், அன்று சுட்ட மக்காச்சோள ரொட்டியைப் போட்டுக் கெடுத்தேன். எண்ணெய் குடித்து, தக்காளி மிளகாய்ச் சாற்றில் களியாகிவிட்டது. முந்தைய நாள் காய்ந்த ரொட்டிதான் வேண்டும். முக்கோணமாக நறுக்கி, பொரித்து, கொதிக்கும் சாற்றில் ஒரு புரட்டு, அவ்வளவே. மெக்சிகோவின் இந்தக் காலைப் பலகாரம் மிச்சத்தில் பிறந்தது. பெயரின் தொடக்கத்திலேயே நாவாட்டில் என்ற அந்நாட்டுப் பழங்குடி மொழியின் மிளகாய் இருக்கிறது.

ரொட்டி இந்தப் பலகாரத்தைவிடப் பழையது. ஸ்பானியர் வருமுன்பே அங்கே மக்காச்சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து, இரவெல்லாம் ஊறவிட்டு, தோல் கழுவி அம்மியில் அரைத்தார்கள். ஐரோப்பியர் தானியத்தைக் கொண்டுபோனார்கள், சுண்ணாம்பை விட்டுவிட்டார்கள். சுண்ணாம்பு சேராத மக்காச்சோளத்தையே நம்பி வாழ்ந்த ஏழைகளுக்குப் பெலாக்ரா என்ற நோய் வந்தது. பலகாரத்துக்குத் திரும்பினால், 1898-இல் சான் பிரான்சிஸ்கோவில் எங்கார்னாசியோன் பினேதோ ஸ்பானிய மொழியில் வெளியிட்ட சமையல் நூலிலும் சிலாக்கிலேஸ் உண்டு.