தங்கத் தட்டும் தீப்பெட்டி முத்திரையும்

ஓர் இசைத்தட்டின் வெற்றிக்குச் சான்றாகத் 'தங்கத் தட்டு', 'பிளாட்டினத் தட்டு' விருதுகளைக் காட்டுவது திரையிசை வரலாற்றெழுத்தில் வழக்கமாகிவிட்டது. அவ்விருது எதை எண்ணியது, யார் கேட்டு எண்ணியது என்று வினவாமல் அதை ஆதாரமாகக் கொள்ளக் கூடாது என்பதே என் வாதம். ஒப்புநோக்கச் சிவகாசித் தீப்பெட்டியை எடுத்துக்கொள்கிறேன். பி. அய்ய நாடாரும் அ. சண்முக நாடாரும் 1922-இல் கல்கத்தா சென்று தொழில் கற்றுவந்து ஊன்றிய தொழில் அது. கிராமபோன் கம்பெனியின் இசைத்தட்டு ஆலையும் அதே கல்கத்தாவில்தான், முதலில் சியால்டாவிலும் பின்னர் டம்டம்மிலும், இயங்கியது. இரண்டுமே வீடுதோறும் போய்ச் சேர வேண்டிய சரக்குகள். ஆனால் அவை எண்ணப்பட்ட விதம் வேறு.

1934-ஆம் ஆண்டின் தீப்பெட்டிக் கலால் வரிச் சட்டத்தின்படி, உற்பத்தியாளர் அரசிடம் பணம் கட்டி 'பேண்டரோல்' என்னும் முத்திரைச் சீட்டை வாங்கினார். குச்சித் தட்டை வெளியே தள்ளினால் கிழியும்படி பெட்டியின் குறுக்கே ஒட்டிய மெல்லிய காகிதப் பட்டை அது. பட்டையில்லாத பெட்டி சட்டப்படி ஆலையை விட்டு வெளியேற முடியாது. ஆகவே நன்றாக விற்ற மார்க், விற்காத மார்க் என்ற வேறுபாடின்றி எல்லாமே கணக்கில் ஏறின. இசைத்தட்டுக்கு இது பொருந்தாது என்று சொல்வதற்கில்லை. பிரிட்டனில் 1911-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தையொட்டி, பாடலாசிரியர்க்குரிய உரிமைத்தொகை செலுத்தப்பட்டதற்கு அடையாளமாகத் தட்டின் லேபிளிலேயே சிறு வில்லைகளை ஒட்டினார்கள். இத்தாலியிலும் படைப்பாளர் சங்கமான சியே தன் முத்திரையைத் தட்டுகளில் இட்டது.

உலகம் பின்பற்றிய முறையோ வேறு. அமெரிக்க ஒலிப்பதிவுத் தொழில் சங்கம் 1958-இல் தங்கச் சான்றைத் தொடங்கியபோது இசைத்தொகுப்புகளுக்கு எண்ணியது தட்டுகளை அல்ல, பணத்தை: ஒரு தொகுப்பு மொத்த விலையில் 10 லட்சம் டாலர் ஈட்ட வேண்டும். 5 லட்சம் பிரதிகள் என்ற அளவு 1975-இல்தான் சேர்ந்தது. பிளாட்டினம் 1976-இல் வந்தது. 2016 முதல் இணையத்தில் 1,500 முறை ஒலித்தாலே ஒரு தொகுப்பு விற்றதாகக் கணக்கு. ஆக, 1960-இன் தங்கமும் இன்றைய தங்கமும் ஒரே அளவல்ல. அதைவிடப் பெரிய குறை, வினைல் காலத்தில் எண்ணப்பட்டது கடைக்கு அனுப்பிய சரக்கு என்பது. 1978-இல் கிஸ் என்னும் ராக் இசைக் குழுவின் நால்வரும் தனித்தனியே வெளியிட்ட தொகுப்புகள் பிளாட்டினச் சான்று பெற்றன. அனுப்பிய தட்டுகளில் பல கடைகளிலிருந்து திரும்பி வந்தன.

இதற்கு மறுப்பு உண்டு. சான்று தருமுன் தணிக்கையாளர் கணக்கேடுகளைப் பார்க்கிறார்களே, பேண்டரோலும் ஆலை வாசலைத் தாண்டிய பெட்டியைத்தானே எண்ணியது என்பார்கள். இரண்டும் உண்மை. ஆனால் தணிக்கை, நிறுவனம் விண்ணப்பித்துக் கட்டணம் கட்டிய பின்னரே நடக்கிறது. விண்ணப்பிக்காத தட்டு எவ்வளவு விற்றிருந்தாலும் பட்டியலில் இராது. சான்று இல்லாமையிலிருந்து விற்பனை இல்லாமையை ஊகிக்க முடியாது. பேண்டரோல் கணக்கில் இந்த இடைவெளி இல்லை. வரி வசூலுக்காகப் பிறந்த கணக்கு என்பது அதன் குறையல்ல. யாரையும் விட்டுவிடாமல் எண்ண வைத்ததே அந்த வரிதான்.

இன்னொரு மறுப்பை நான் மிகவும் மதிக்கிறேன்: பிரதிகளை எவ்வளவு துல்லியமாக எண்ணினாலும் கேட்டவர்களை எண்ண முடியாது. விருதுநகர் மாவட்டத்தில் இது வெறும் தத்துவ ஐயமல்ல. இங்கே பெரும்பாலோர் இசைத்தட்டைக் கேட்டது சொந்த வீட்டுப் பெட்டியில் அல்ல, மைக் செட்டுக்காரர் கட்டிய குழாயில். விருதுநகர் பராசக்தி மாரியம்மன் பங்குனிப் பொங்கல், இருக்கன்குடி ஆடிக் கடைசி வெள்ளி, தெருவில் நடக்கும் காதணி விழா என்று ஒரே தட்டு தேயத் தேய ஊர் முழுவதற்கும் பாடியது. ஒரு தட்டுக்கு ஒரு குடும்பம் என்று கொள்ளும் அமெரிக்க அளவுகோல் இங்கே செல்லாது. அதற்காக எண்ணிக்கையைக் கைவிட வேண்டியதில்லை. பிரதிக் கணக்கு வணிகத்துக்குச் சான்று, கேட்பின் பரப்புக்குச் சான்று அல்ல என்று பிரித்து வைத்தால் போதும்.

கேட்பின் பரப்புக்கான தடயம் தட்டிலேயே இருக்கிறது. பாட்டு முடிந்து லேபிள் தொடங்கும் முன்னுள்ள வெற்று வளையத்தில் மூல எண்ணும் சில எழுத்துகளும் பொறிக்கப்பட்டிருக்கும். பிரிட்டிஷ் ஈ.எம்.ஐ. ஆலையில் நிறுவனப் பெயரிலிருந்து எடுத்த பத்து எழுத்துகள் இலக்கங்களாகப் பயன்பட்டு, எத்தனையாவது அச்சுத் தகட்டில் அழுத்தப்பட்டது என்பதைக் காட்டின. அச்சுத் தகடு விரைவில் தேயும். எனவே உயர்ந்த எண், தொடர்ந்த தேவையைக் குறிக்கும். அது பிரதிகளின் தொகையைத் தராது என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆனால் அந்த எண்ணோடு, ஊசி அரித்த பள்ளத்தையும் லேபிளில் மைக் செட்டின் பெயர் எழுதிய மையையும் சேர்த்துப் படித்தால், எந்த விருதுச் சட்டகமும் சொல்லாத செய்தி கிடைக்கும். சிவகாசி, சாத்தூர், அருப்புக்கோட்டைப் பகுதிகளில் பழைய மைக் செட்டுத் தட்டுகளை வைத்திருப்போர் அவற்றை எடைக்குப் போடும் முன் லேபிளையும் அந்த வளையத்தையும் படமெடுத்து, அருகிலுள்ள கல்லூரித் தமிழ்த் துறையிடமோ வரலாற்றுத் துறையிடமோ ஒப்படைக்க வேண்டுகிறேன்.